கழன்ற ஒயரும் அத்தையின் நாற்காலியும்

என் மாமியார் என் எதிரில் நாற்காலியில் உட்கார மாட்டார். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் ஒருமுறைகூட உட்கார்ந்ததில்லை. நான் வந்தால் எழுந்து, முந்தானையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போய்விடுவார். ஆரணிப் பக்கத்தில் மாப்பிள்ளைக்குத் தரும் மரியாதை. நான் அவரை அத்தை என்பேன். அவர் என்னை எப்படியும் கூப்பிட மாட்டார். "அவரு காபி சாப்புடுவாரானு கேளு" என்று மகள் வழியாகத்தான் எல்லாம் வரும்.

மாமா இறந்த பிறகு ஊரில் தனியாக இருந்தவர், இரண்டு முறை தலைசுற்றி விழுந்தார். எலெக்ட்ரானிக் சிட்டியில் எங்கள் ஃப்ளாட்டுக்குக் கூட்டிவந்தோம். மூன்றாம் மாதமே, ஆடி முடிந்ததும் ஊருக்குப் போகிறேன் என்று பிடிவாதம் பிடித்தார். "மாப்ள வீட்ல எத்தினி நாளு இருக்கறது?" என் மனைவி அழுது பார்த்தாள், சண்டை போட்டுப் பார்த்தாள், கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு டிக்கெட் போட்டாள். அந்த வீட்டில் மறுபடி விழுந்தால் தூக்க ஆளில்லை என்பது மூன்று பேருக்குமே தெரியும்.

அந்தச் சமயம் பார்த்து என் லேப்டாப் மூடியின் கீல் உடைந்தது. ஒரு சின்னக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே சாஃப்ட்வேர் சோதித்துக் கொடுப்பவன் நான், லேப்டாப் என்னுடையது. பதினைந்து வருஷமாகக் கம்ப்யூட்டரில் சோறு தின்பவன், ஒரு கீலை மாற்றக் கடைக்குப் போவதா? வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு, சாப்பாட்டு மேசையில் வைத்து அடிப்பக்கத்தைக் கழற்றினேன். பேட்டரி, ஃபேன், மெமரி எல்லாம் தெரிந்த முகங்கள். மூடியிலிருந்து கீல் வழியாகக் கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு மெல்லிய ஒயர்கள் வந்தன. நான் இழுத்த இழுப்பில் இரண்டின் நுனியும் எங்கிருந்தோ கழன்றுகொண்டன. கடுகளவு நுனி. எங்கே மாட்டுவது என்று தெரியவில்லை. தேவையில்லாததாக இருக்கும் என்று டேப் போட்டு ஓரமாக ஒட்டி, வாங்கிவைத்த புதுக் கீலைப் பொருத்தி மூடிவிட்டேன். ஸ்க்ரீனில் வெளிச்சம் வந்தது. மனைவியிடம் பெருமையாகக் காட்டினேன்.

மறுநாள் ஹாலில் வைஃபை வரவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நானும் ரௌட்டரைத் திட்டினேன், நெட் கம்பெனிக்காரர்களைத் திட்டினேன், கட்டடத்தின் சுவரைக்கூட விடவில்லை. செல்போன் சிக்னல் எங்கள் வாசலோடு நின்றுவிடும். லேன் ஒயர் சொருக வழியில்லாத ஒல்லி லேப்டாப் வேறு. ரௌட்டருக்கு நேர் கீழே உட்கார்ந்தால் மட்டும் எல்லாம் ஓடியது. ரௌட்டர் இருந்தது அத்தையின் அறையில், கட்டிலுக்கு மேல்.

மனைவி ஆபீஸ் கேப் ஏறிப் போனபின் லேப்டாப்போடு அந்த அறைக்குள் போனேன். அத்தை சட்டென எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். மதியம்வரை நின்றுகொண்டேயிருந்தார். அப்போதுதான் கட்டிலருகே ஸ்டூலைப் பார்த்தேன். இரண்டு பாட்டில் தண்ணீர், மூடிவைத்த தட்டில் இட்லி, ஒரு டப்பா பொரி. நான் ஹாலில் ஒன்பது மணிக்கு உட்கார்ந்தால் ஆறு மணிக்குத்தான் எழுவேன். அதுவரை இந்த மனுஷி அறையை விட்டு வெளியே வந்ததேயில்லை. மூன்று மாதமாக நான் வேலை பார்த்தேன், அவர் அடைந்து கிடந்தார். எனக்கு மிகவும் வெட்கமாக இருந்தது.

சாயந்திரம் மனைவி சொன்னாள்: "அந்தப் பொட்டி வழியா ஆபீஸ்காரங்க தன்னையும் பாக்கறாங்கன்னு அம்மா பயப்படறாங்க."

மறுநாள் லேப்டாப்பைத் திருப்பி, கேமரா மேலிருக்கும் குட்டி மூடியைத் தள்ளிக் காட்டினேன். "இத மூடிட்டா யாருக்கும் ஒண்ணும் தெரியாது அத்தை." நன்றாகக் குனிந்து பார்த்தார். அன்று பால்கனிக்குப் போகவில்லை. பீரோவில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து பூண்டு உரித்தார். மெத்தையில் வைத்த லேப்டாப் சூடாகி ஃபேன் இரைந்ததும், சமையலறையிலிருந்து மணையைக் கொண்டுவந்து அதன் அடியில் கொடுத்தார்.

என் ப்ளூடூத் ஹெட்செட்டும் கரகரத்ததால் பேச்செல்லாம் ஸ்பீக்கரில்தான். நாலாம் நாள், "மூக்கால பேசுவாரே, அவரு இன்னிக்கி வரலீங்களா மாப்ள?" என்றார். பன்னிரண்டு வருஷத்தில் நேரே என்னிடம் பேசிய முதல் வார்த்தை. அதன்பின் பேச்சு வளர்ந்தது. மாமா சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டு சாக்கடையில் விழுந்ததைச் சொல்லிச் சிரித்தார். என் அம்மா உயிரோடிருந்தால் இப்படித்தான் பேசிக்கொண்டிருப்பாள் என்று நினைத்தேன். அத்தை அறைக்கு வெளியே போய்விட்டு வந்தால் கதவருகிலேயே நின்று, "மூடியாச்சுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்.

மனைவிக்குச் சந்தேகம் வந்தது. "ஹெட்செட்டுக்கும் ரௌட்டருக்கும் என்ன சம்பந்தம்? கொண்டுபோய்க் காட்டுங்க." முன்பு குடியிருந்த ஆஸ்டின் டவுனில் தெரிந்த கடை ஒன்று இருக்கிறது. சனிக்கிழமை பஸ் பிடித்துப் போனேன். கடைக்காரர் திறந்து பார்த்துவிட்டு டேப்பை உரித்தார்.

"யாரு சார் இத ஓபன் பண்ணது?"

"நான்தான்."

"சாஃப்ட்வேரா சார்?"

"ஆமா."

"அதான்."

பிறகு பொறுமையாகச் சொன்னார். ஆன்டெனா ஸ்க்ரீனைச் சுற்றி மூடிக்குள் இருக்கிறது. இந்த இரண்டு ஒயர்தான் அதை வைஃபை கார்டோடு சேர்ப்பது. வைஃபை, ப்ளூடூத் இரண்டுக்கும் அதே கார்டு, அதே ஆன்டெனா. ஒயர் இல்லாவிட்டால் பக்கத்தில் இருப்பது மட்டும்தான் அதற்குக் கேட்கும். நகத்தால் இரண்டையும் டிக் டிக்கென்று அழுத்தினார். அவ்வளவுதான் வேலை.

வீட்டுக்கு வந்து அத்தையிடம் உண்மையைச் சொன்னேன். "ரௌட்டர் மேல தப்பில்ல அத்தை. நான்தான் கெடுத்து வச்சேன்."

"அன்னிக்கே தெரியுங்க. நீங்க தரையில ஸ்க்ரூ தேடனத கதவிடுக்குல பாத்தேன். அவகிட்ட சொன்னா உங்கள வைவான்னு சொல்லல." பிறகு, "அப்ப இனிமே ஹால்லயே எடுக்குங்களா?" என்றார்.

"எடுக்கும்."

"நல்லதுங்க" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கத் திரும்பிக்கொண்டார். டிக்கெட்டுக்கு எட்டு நாள் இருந்தது. ஒயரை மறுபடி கழற்றிவிடலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் நான் அந்த அறையிலேயே இருந்தால் அவருக்கு மத்தியானத் தூக்கம் ஏது? படுக்க ஓர் அறையாவது வேண்டாமா?

திங்கட்கிழமை காலை மீட்டிங்கை ஹாலில் தொடங்கினேன். சிக்னல் முழுசாக இருந்தது. பத்து மணிக்கு அறைக் கதவு திறந்தது.

"மூடியாச்சுங்களா?"

கேமராவை மூடினேன். பூண்டுத் தட்டோடு வந்தவர் மேசையருகே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு என் எதிரிலிருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் எழுந்துவிடுவாரோ என்று பயமாக இருந்தது. மேசைக்கடியில் போனை வைத்துக்கொண்டு மனைவிக்கு அனுப்பினேன்: "அம்மா என் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்து பூண்டு உரிக்கிறாங்க."

"பொய் சொல்லாதீங்க" என்று பதில் வந்தது.

அதை அத்தையிடமே காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த பூண்டை எடுத்தார்.

"அந்த டிக்கெட்ட வேணாம்னு சொல்லிடச் சொல்லுங்க, மாப்ள."