கொட்டகலைத் தொகுதிக்கு ஒரு பஸ் பயணம்

காலை ஏழேகால். ராகலையில் என் ஓட்டைப் போட்டுவிட்டு, விரல் மை காய்வதற்குள் நுவரெலியா பஸ்ஸில் ஏறிவிட்டேன். நான் ராகலையில் ஆசிரியன். அப்பா இருப்பது கொட்டகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில். அறுபத்தேழு வயதில் இன்றுதான் அவருக்கு முதல் ஓட்டு. பிரஜாவுரிமைப் பத்திரம் கிடைத்தபோது தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்து வேலையை விட்டுக் கொழும்பில் கடை வேலைக்குப் போயிருந்தார். வாக்காளர் பட்டியலில் பெயர் ஏற இத்தனை காலமாகிவிட்டது.

ஒன்பதரைக்கு ஹட்டன் பஸ். நானுஓயா, லிந்துலை தாண்டித் தலவாக்கலை வந்ததும் கண்டக்டர் என் விரலைப் பார்த்துவிட்டார்.

"மாஸ்டர், இன்னொரு ஓட்டுப் போட கொட்டகலைக்குப் போறீங்களா?"

"அப்பாவோட ஓட்டுங்க. நான் தொணைக்கு. முன்னாடி கொட்டகலையே ஒரு தனித் தொகுதி, தெரியுமா?"

"இந்தக் கடைவீதிக்கு ஒரு எம்.பி.யா? சும்மா கதை விடாதீங்க மாஸ்டர்!"

பஸ்ஸே சிரித்தது. நான் கதை விடவில்லை. 1947 தேர்தலில் கொட்டகலை ஓர் உறுப்பினர் தொகுதி. தோட்டத்து ஆட்கள் வாக்களித்தார்கள். என் தாத்தாவும் அவர்களில் ஒருவர். மறுவருடம் வந்த சட்டம் பிரஜாவுரிமையைப் பறித்தது; ஓட்டும் போயிற்று. 1960இல் தொகுதியும் போயிற்று. இன்று அது நுவரெலியா–மஸ்கெலியாவுக்குள் அடக்கம்.

ஹட்டனுக்கு ஐந்தாறு கிலோமீட்டர் முன்னால், கொட்டகலையில் இறங்கி லயத்துக்குப் போனேன். அப்பா வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டு, கழற்றி, மறுபடி தேய்த்தார். புறப்படும்போது மணி இரண்டு. நான்குக்கு வாக்கெடுப்பு முடியும்.

பாடசாலை வாசலில் நான் நின்றுகொண்டேன். அப்பா உள்ளே போனார். மூன்று இருபத்தைந்தாகியும் வரவில்லை. பொலிஸ்காரரிடம் சிங்களத்தில் சொல்லி எட்டிப் பார்த்தால், தண்ணீர்க் குழாயருகே கைகட்டி நிற்கிறார். அவருக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் போட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

"என்னப்பா நிக்கிறீங்க?"

"பேரு கூப்புடலியே தம்பி."

பெரட்டுப் பழக்கம்! விடியற்காலையில் கணக்கப்பிள்ளை பெயர் வாசித்த பிறகுதான் தோட்டத்தில் யாரும் நகர்வார்கள். 1952 தேர்தலன்று தாத்தாவும் இப்படித்தான் பொழுது சாயும்வரை நின்றாராம். பட்டியலில் அவர் பெயரே இல்லை என்று யாரும் சொல்லவில்லை.

"இங்க யாரும் கூப்புட மாட்டாங்கப்பா! நீங்களே போயி பேரச் சொல்லணும்!"

"நானேவா?" என்று ஒருமுறை கேட்டார். பிறகு நடந்தார்.

மூன்றே முக்காலுக்கு வெளியே வந்தார், மை பட்ட விரலைச் சட்டையில் படாமல் தூக்கிப் பிடித்தபடி.

ஐந்தரை பஸ்ஸுக்கு என்னை ஏற்றிவிட வந்தார். 'கொட்டகலை' என்ற பெயர்ப்பலகைக்குக் கீழே நின்றோம். எங்கள் பழைய தொகுதியில் மிஞ்சியது அந்தப் பலகைதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பஸ் வளைவில் தெரிந்தபோது அப்பா மெதுவாகச் சொன்னார்:

"என் பேரச் சொன்னேன். அப்புறம் தாத்தா பேரையும் சொன்னேன். லிஸ்ட்டு பாக்குற புள்ள, 'அது லிஸ்ட்டுல இல்லீங்களே ஐயா'ன்னுச்சு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"தெரியும் தாயி, அந்தப் பேர ஒருக்கா கூப்புடுன்னேன். சத்தமா கூப்புட்டுச்சு."