கசிவு என்று எழுதியவர்

பாம்புக்காது என்பது அவருடைய பட்டப்பெயர். குடிநீர் அலுவலகத்தில் இருபத்தெட்டு வருடமாக ஒரே வேலை: இரும்புக் கம்பியின் ஒரு முனையைத் தெருவில் ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்து, மண்ணுக்கடியில் குழாய் எங்கே தண்ணீரை விடுகிறது என்று கேட்டுச் சொல்வது.

கேட்டதைப் படிவத்தில் ஒரே சொல்லில் எழுத வேண்டும். தண்ணீர் எப்படிப் போனாலும் நாம் கசிவு என்று சொல்லிவிட்டுப் போவோம். அங்கே அது செல்லாது. 'கசிவு' என்றால் முப்பது நாளுக்குள் ஆள் வரும். 'ஒழுக்கு' என்றால் மூன்று நாள். 'உடைப்பு' என்றால் அன்றைக்கே கடப்பாரையோடு வண்டி வந்து நிற்கும். அவர் எழுதிய சொல்லை மேலதிகாரிகூட மாற்றியதில்லை. அதில் மனிதருக்குக் கொஞ்சம் தலைக்கனம்தான்.

அந்தக் காதுதான் கைவிட்டது. பேச்செல்லாம் கேட்டது, சன்னமான சீறல் மட்டும் கேட்கவில்லை. குக்கர் சீறுவது தெரியாமல் அதன் பக்கத்திலேயே நின்று பேப்பர் படித்துக்கொண்டிருந்தவரை மனைவி பார்த்துவிட்டாள். டாக்டரிடம் காட்டச் சொன்னாள். ஓய்வுக்கு இன்னும் ஒன்றரை வருடம். விஷயம் தெரிந்தால் கம்பியைப் பிடுங்கிக்கொண்டு மூலையில் உட்கார வைத்துவிடுவார்கள். அவள் மேல் எரிந்து விழுந்தார். "செவிடன் காதுல ஊதின சங்குதான்" என்று முணுமுணுத்தவள், சொன்னது உறைத்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்த வாரம் ஒரு சந்தின் கோடி வீட்டிலிருந்து புகார் வந்தது. தையல்காரி, தனியாள். சுவரோரம்தான் அவளுடைய மிஷின். மிஷினை நிறுத்தினால் தரைக்கடியில் சீறுகிறது என்றாள். அவர் கம்பியை ஊன்றினார். ஏதோ லேசாக இருப்பதுபோல் இருந்தது. மூன்று இடத்தில் மாற்றி வைத்தும் அவ்வளவுதான்.

"ஐயா, நல்லா கேளுங்க. பெரிய சத்தமா இருக்கு."

"கம்பிக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரிஞ்சிடப் போவுது?"

கசிவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பத்தொன்பதாம் நாள் மத்தியானம், அடிமண் முழுவதும் கரைந்துபோய்ச் சுவர் உள்பக்கமாகச் சாய்ந்தது. அவள் மிஷினில்தான் உட்கார்ந்திருந்தாள். வெளியே எடுத்தபோது உயிர் இல்லை.

விசாரணை என்று கூப்பிட்டார்கள். மேலதிகாரி படிவத்தைப் புரட்டி, நாள் கணக்குப் பார்த்தார். "கசிவுன்னு போட்டிருக்கீங்க. இன்னும் பதினொரு நாள் இருக்கு. நம்ம மேல தப்பே இல்ல."

"எனக்குக் காது கேக்கலீங்க."

மேலதிகாரி எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "இப்ப அதைச் சொன்னா கையெழுத்துப் போட்ட அத்தனை பேரும் மாட்டுவோம். வாயத் திறக்காதீங்க." அடுத்த தெருவுக்கான புதுப் படிவத்தை அவர் பக்கம் தள்ளினார். அவரும் வாங்கிக்கொண்டார். மறுத்திருக்கலாம், தெம்பு இல்லை.

மறுநாள் காலை அந்தத் தெருவின் முதல் வீட்டு வாசலில் ஒரு பெண் போர்வை உதறிக்கொண்டிருந்தாள். கம்பியை ஊன்றாமலே அவளிடம் போனார்.

"அம்மா, தரைக்கடியில ஏதாவது சத்தம் கேக்குதா உங்களுக்கு?"

அவள் சிரித்துவிட்டாள். "எனக்கென்னங்க தெரியும்? கம்பி உங்க கையிலதானே இருக்கு, நீங்களே கேட்டுச் சொல்லுங்க."

அவர் குனிந்து கம்பியைக் காதில் வைத்தார். ஒன்றும் கேட்கவில்லை.