ஜன்னலுக்கு நேரே இரண்டு புகைக்குழாய்

என் வீட்டுக்காரரிடம் அதுவரை யாரும் எதற்கும் யோசனை கேட்டதில்லை. முதன்முதலாகக் கேட்டவர் கம்பெனி முதலாளி. கேட்டது, ஜெனரேட்டர் இன்ஜினுக்குப் புகைக்குழாயை எப்படி வைக்கலாம் என்று. அந்த ஒரு கேள்வியில் குளிர்ந்துபோய் இந்த மனுஷன் கட்டின பெண்டாட்டியின் உயிரை வாங்கினார். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இரண்டாயிரத்து எட்டு வாக்கில் திருப்பூரில் கரண்டு எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. பனியன் கம்பெனிகள் எல்லாம் ஜெனரேட்டரை நம்பித்தான் ஓடின. புதிது வாங்க முடியாதவர்கள் பழைய லாரி இன்ஜினைக் கழற்றி, கரண்டு எடுக்கிற ஆல்டர்னேட்டரோடு பூட்டி, ஒரு ஷெட்டில் உட்காரவைத்தார்கள். எங்கள் முதலாளி வாங்கியது, காங்கேயத்தில் அரிசி மில்லுக்கு லோடு அடித்துக்கொண்டிருந்த லாரியின் ஆறு சிலிண்டர் இன்ஜின். நாங்கள் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அவர் அங்கே மெக்கானிக், எலக்ட்ரீஷியன் எல்லாம். இன்ஜின் வந்த பிறகு ஜெனரேட்டர் ஆப்பரேட்டரும் அவர்தான். நான் செக்கிங்கில் இருந்தேன். தைத்து வரும் பனியனில் கறை, ஓட்டை, பிசிறு பார்த்துத் தள்ளுகிற வேலை. கம்பெனியின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஒரே வரிசையாக லைன் வீடுகள். அதில் ஒன்றில் குடியிருந்தோம்.

எனக்கு வீசிங் உண்டு. கல்யாணத்துக்கு முன்னால் நூல் மில்லில் வேலை பார்த்தபோது பஞ்சுத் தூசியில் வந்தது. அதனால்தான் மில் வேலையே வேண்டாம் என்று இந்த ஊருக்கு வந்தோம். இது அவருக்குத் தெரியாத விஷயமா? படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே தூங்குகிறவளைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்தானே?

இன்ஜின் வந்து இறங்கிய அன்று அவர் வீட்டுக்கு வந்த வரத்தைப் பார்க்கணும். கலெக்டர் கூப்பிட்டு ஆலோசனை கேட்ட மாதிரி ஒரு முகம். அடுப்படியிலிருந்து ஆறு டம்ளரை எடுத்து வந்து தரையில் வரிசையாக வைத்தார். அவைதான் ஆறு சிலிண்டராம். லாரியில் இருந்த மாதிரியே ஆறின் புகையையும் ஒரே குழாயில் விட்டு, சைலன்சரில் நுழைத்து, சுவரோரமாக வளைத்து வளைத்துக் கூரைக்கு மேலே கொண்டுபோவது ஒரு வழி. சத்தம் குறையும், ஆனால் ஒவ்வொரு வளைவிலும் புகை முட்டி நிற்கும், இன்ஜின் இழுக்காது, டீசலைக் குடிக்கும் என்றார். இன்னொரு வழி, முன்னால் மூன்று, பின்னால் மூன்று என்று பிரித்து இரண்டு குழாய் போடுவது. அப்படிப் பிரித்தால் ஒரு சிலிண்டர் விடுகிற புகை அடுத்ததன் புகையை இடிக்காதாம். இரண்டையும் வளைக்காமல் நேரே பின்சுவரைத் துளைத்து வெளியே விட்டுவிடலாமாம். அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. எனக்கு டம்ளர் திரும்பக் கிடைத்தால் போதும் என்றிருந்தது. பின்சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று மட்டும் அவர் சொல்லவே இல்லை.

முதலாளிக்கும் இரண்டாவது வழிதான் பிடித்தது. பிடிக்காமல் என்ன? சைலன்சர் வேண்டாம், நீளக் குழாய் வேண்டாம். இன்ஜினில் புகை வெளியேறுகிற வாயை லேத்துப் பட்டறையில் கொடுத்து இரண்டு குழாய்க்குத் தோதாகச் செய்து வாங்கினார்கள். இன்ஜினுக்குப் பொட்டு வைத்து, சூடம் காட்டி, பூசணிக்காய் உடைத்து ஓட்டினார்கள். முதலாளி எல்லாருக்கும் லட்டு கொடுத்தார். மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வருகிறேன், என் அடுப்படி ஜன்னலுக்கு நேரே சுவரில் இரண்டு குழாய் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. இரண்டும் மாறி மாறித் துப்புகின்றன. கொடியில் காய்ந்த துணி, மூடி வைத்த சோற்றுப் பானை, சுவர், எல்லாம் கரி. அவ்வளவு நீளச் சுவரில் தன் வீட்டு அடுப்படிக்கு நேராகக் குறிபார்த்து ஓட்டை போட்டிருக்கிறார் மனுஷன்!

ஜன்னலை அட்டைப்பெட்டி வைத்து அடைத்தேன். புகை கதவு வழியாக வந்தது. சீக்கிரமே ஆஸ்பத்திரிக்குப் போகும்படி ஆயிற்று. முகத்தில் மாஸ்க்கை மாட்டி மருந்தை மூச்சில் இழுக்க வைத்தார்கள். புகைப் பக்கமே போகக் கூடாது என்றார் டாக்டர். பக்கத்தில் நின்று இவரும் தலையாட்டினார். தலையாட்டிவிட்டு வந்து நேரே போய் இன்ஜினை ஓட்டினார். குழாயை மேலே ஏற்றித் தொலையுங்கள் என்று நான் சொல்லாத நாள் இல்லை. எல்லா நாளும் ஒரே பதில்தான்.

"வளைவு விழுந்தா இன்ஜினுக்கு மூச்சு முட்டும்ட்டி."

இதைச் சொன்னது, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இழுத்து இழுத்து மூச்சு விடுகிற பெண்டாட்டியிடம். கையில் கரண்டி இருந்தது. எறியாமல் விட்டது அவர் அதிர்ஷ்டம்.

அப்புறம் முதலாளியிடமே போனேன். எங்கள் ஊராக இருந்தால், வேலையைப் பாரு போ என்று ஒரு கத்துக் கத்துவார்கள். பதிலுக்கு நாமும் கத்தலாம். இங்கே அப்படியா? நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். நான் சொன்னதை முழுதும் கேட்டார். பாத்துக்கலாமுங்க அம்மிணி என்றார். உங்க ஊட்டுக்காரர் சொல்லித்தானுங்க வச்சது, அவருக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போகுது என்று சிரித்தார். இரண்டாம் தடவை போனபோதும் நாற்காலி போட்டார். மூன்றாம் தடவை டீயும் வந்தது. குழாய் மட்டும் இருந்த இடத்தில் இருந்தது. இவ்வளவு மரியாதையாக ஒருவர் நம்மை உதாசீனம் செய்தால் யாரிடம் போய் முட்டிக்கொள்வது? வயிற்றெரிச்சலோடு டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

ஆடி பிறந்தது. இந்தப் பக்கத்து ஆடிக்காற்று மேற்கேயிருந்து வந்து ஆளையே தள்ளும். எங்கள் லைன் வீடுகள் கம்பெனிக்கு மேற்கே. குழாய் துப்புகிற புகையைக் காற்று அப்படியே சுவருக்கு மேலே தூக்கிக் கம்பெனிப் பக்கம் திருப்பி அடித்தது. ஒரு நாள் காலையில் முதலாளி செக்கிங் ஹாலுக்கு வந்தார். வெள்ளைப் பீஸ் கிடக்குதுங்க, மேற்கு ஜன்னலையெல்லாம் மூடியே வையுங்க, புகை வருது என்று என்னிடமே சொல்லிவிட்டுப் போனார். என்னிடமே! அப்படியானால் புகை என்ன செய்யும் என்று அந்த ஆளுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. அப்போது எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் இல்லை.

வெளிநாட்டுக்குப் போக வேண்டிய வெள்ளை பனியன் அன்று ஹால் முழுக்கக் குவிந்து கிடந்தது. அதை வாங்குகிற பையர் ஆபீஸிலிருந்து சரக்கைப் பார்த்து ஓகே சொல்கிற க்யூசி வருவதாக இருந்தது. கரண்டு போனது. இன்ஜின் ஓடத் தொடங்கியது. நான் எழுந்து போய் மேற்கு ஜன்னல் அத்தனையையும் திறந்து விட்டேன். புழுக்கமாக இருக்கிறது என்றேன். ஆடிக்காற்றில் என்ன புழுக்கம் என்று ஒருத்தியும் கேட்கவில்லை. ஹாலில் பாதிப் பேர் லைன் வீட்டுக்காரிகள். ஆமாக்கா, தாங்கல என்று ஒருத்தி முந்தானையை எடுத்து விசிறவே ஆரம்பித்துவிட்டாள்.

க்யூசி வந்து மேலே கிடந்த பனியனை எடுத்து விரித்தார். பொடிப் பொடியாகக் கறுப்பு. தட்டினால் போகாது, ஈஷிக்கொள்ளும். டீசல் கரி அப்படித்தான். துணியை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். ஜன்னலை மூடினாலும் இந்த வாடை போகாது, இந்தப் புகை இருக்கிறவரைக்கும் ஒரு பீஸைக்கூடப் பாஸ் பண்ண மாட்டேன் என்று சொல்லிவிட்டார். முதலாளி ஓடி வந்தார். என் கையில் இருந்த பனியனை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஏனம்மிணி, இது எங்கிருந்துங்க வருது?"

மூன்று தடவை உட்காரவைத்துக் கேட்ட அதே மனுஷன் கேட்கிறார்.

"எங்க வீட்டுக்கு வந்தது போக மிச்சம், மொதலாளி."

க்யூசி பார்த்துக்கொண்டு நிற்கிறாரே. முதலாளி உடனே என் வீட்டுக்காரரைக் கூட்டிவர ஆள் அனுப்பினார். சாயங்காலத்துக்குள் குழாய் கூரைக்கு மேலே ஏறிவிட்டது. நான் ஆஸ்பத்திரியில் மாஸ்க்கோடு கிடந்தபோது நடக்காதது, நாலு கூடை பனியனுக்காக ஒரே நாளில் நடந்தது. சரி, இன்ஜினுக்கு மூச்சு முட்டியதா என்றால் ஒரு மண்ணும் இல்லை. இரண்டையும் சேர்த்து ஒரே அகலக் குழாயாக ஏற்றினால் வளைவு விழுந்தாலும் ஒன்றும் ஆகாதாம். இது அவருக்கு முதலிலேயே தெரியுமாம்! அகலக் குழாய் கேட்டால் முதலாளி என்ன நினைத்துக்கொள்வாரோ என்று வாயைத் திறக்கவில்லையாம்.

உடம்பெல்லாம் கரியோடு வீட்டுக்கு வந்தார். முதலாளி தட்டிக்கொடுத்த சந்தோஷம் முகத்தில் அப்படியே இருந்தது. அடைத்து வைத்த அட்டையை எடுத்துவிட்டு, காத்து நல்லா வருதுல்லா என்றார். ஹால் ஜன்னலைத் திறந்துவிட்டது நான்தான் என்று சொன்னேன். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. உண்மையிலேயே மனம் நொந்துபோய், மெதுவாகச் சொன்னார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே ஏத்தி விட்டிருப்பேம்லாட்டி."

ஒரு வார்த்தையாம்! அத்தனை மாதமும் நான் தொடங்கிய சண்டையெல்லாம் பாதியிலேயே இருமலில் போய் நிற்கும். அவர் சொம்பில் தண்ணீரை மொண்டு என் கையில் கொடுத்துவிட்டு ஷெட்டுக்கு நழுவிவிடுவார். அன்றைக்கும் பழக்க தோஷத்தில் சொம்பைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். இருமல் வரவில்லை. நான் முதலிலிருந்து ஆரம்பித்தேன். லைன் வீட்டுச் சனமெல்லாம் வாசலுக்கு வந்து நின்று கேட்டது. கடைசி வார்த்தை வரைக்கும் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டுத்தான் உலை வைக்கப் போனேன்.