பட்டன் டப்பாவில் மாத்திரை

மாஸ்டருக்கு நெஞ்சு வலி வந்தபோது அதை அவர் நெஞ்சு வலி என்றே ஒப்புக்கொள்ளவில்லை. காலமெல்லாம் தையல் மெஷின் முன்னால் முதுகை வளைத்து உட்கார்ந்தவருக்கு இடது தோள் வலிப்பது என்ன அதிசயமா? தைலத்தைத் தேய்த்துக்கொண்டு காலர் தைத்துக்கொண்டிருந்தார். வேர்த்து விறுவிறுத்து மெஷின் மேலேயே சாய்ந்த பிறகுதான், பின்கட்டில் பட்டன் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த மனைவி அலறியடித்து ஓடிவந்து அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு என்றார்கள். மணிக்கட்டு வழியாகக் குழாயை விட்டு, அடைப்பை விரித்து, மறுபடி மூடிக்கொள்ளாமல் இருக்க ஸ்டென்ட் வைத்து, ஒரு பை நிறைய மாத்திரையும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆள் பிழைத்துக்கொண்டார். குழப்பம் அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது.

முன்பு நெஞ்சு வலியைத் தையல் வலி என்று நினைத்த மனுஷன், இப்போது ஒவ்வொரு தையல் வலியையும் நெஞ்சு வலி என்று நினைத்தார். தோள் லேசாகக் குடைந்தால் போதும், மெஷினை நிறுத்திவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். கேட்காமலே யோசனை சொல்ல ஆட்கள் வேறு. பக்கத்துக் கடை சாவிக்காரர், "நல்லா நடங்க மாஸ்டர், நடந்தாதான் ஓட்டம் சீரா இருக்கும்" என்றார். மச்சான், "நடந்து தொலைக்காதீங்க மாமா, உள்ள வச்சது நழுவிடப் போகுது" என்றார். மாஸ்டர் இருவரையும் பகைத்துக்கொள்ளாமல் தெருமுனை வரை நடந்தார், பாதியில் பயந்து திரும்பி வந்தார்.

இதையெல்லாம்கூடச் சமாளித்திருப்பார். வெள்ளைத் துணிதான் அவரை ஒரேயடியாகக் குழப்பியது.

அந்த ஊர் நர்ஸ் கல்லூரிப் பெண்கள் அத்தனை பேருக்கும் சீருடை தைப்பது மாஸ்டர்தான். முழு வெள்ளை. "வெள்ளையா, மாஸ்டர்கிட்ட கொடு, கை சுத்தம்" என்று பேர் வாங்கி வைத்திருந்தார். கீழ் ஓரத்தை மட்டும் மெஷினில் விடமாட்டார், மடித்துக் கையால்தான் தைப்பார். ஊசியைத் தள்ளுகிற வலது விரலுக்கு அங்குஸ்தான் என்கிற இரும்புத் தொப்பி உண்டு. துணிக்கு அடியில் ஏந்திக் கொடுக்கிற இடது விரலுக்கு என்ன இருக்கிறது? அது துணியைத் தொட்டுப் பார்த்தே வேலை செய்யவேண்டும். ஊசி குத்துவதும் அங்கேதான். முன்பெல்லாம் விரலை வாயில் ஒரு தரம் வைத்து எடுத்தால் ரத்தம் நின்றுவிடும். இப்போது நிற்பேனா என்றது. ஒருநாள் பாவாடை ஓரத்தில் மிளகு அளவுக்கு ஒரு சிவப்புப் பொட்டு. மாஸ்டருக்கு மானமே போனது.

ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும்போது நர்ஸ் சொன்னது நினைவுக்கு வந்தது. "இதுல ரத்தம் உறையாம பாத்துக்கிற மாத்திரை இருக்கு. சின்னக் காயம்னாலும் ரத்தம் நிக்க நேரமாகும், பயப்படாதீங்க. எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்தக் கூடாது." எந்தக் காரணத்துக்காகவும் என்றாள், சரி. வெள்ளைத் துணியும் அந்தக் கணக்கில் சேருமா என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லையே. கலர் துணி தைக்கிற நாளில் எல்லா மாத்திரையும் போடுவது, வெள்ளை தைக்கிற நாளில் அந்த ஒன்றை மட்டும் விட்டுவிடுவது என்று அவரே ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்.

அந்த ஒன்று எது? அட்டையில் எழுதியிருப்பது பொடி எழுத்து, அதுவும் அவருக்குத் தெரியாத மொழி. மனைவியைக் கேட்டால் வீடு ரெண்டாகிவிடும். இருப்பதிலேயே பெரிய மாத்திரையை எடுத்தார். பெரிய வேலைக்குப் பெரிய கத்தரிக்கோல், அதே நியாயம்தான். மனைவி முன்னால் வாயில் போடுகிற மாதிரி போட்டு, கைக்குள் மறைத்து, மெஷின் பக்கத்தில் இருந்த பட்டன் டப்பாவுக்குள் நழுவவிட்டார். வெள்ளைப் பட்டன்களோடு வெள்ளை மாத்திரை சேர்ந்துகொண்டது. நல்ல புத்திசாலித்தனம் போங்கள்.

ஆனால் மாத்திரையை விட்டும் ரத்தம் நின்றபாடில்லை. அது ஏன் என்று தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. போதாக்குறைக்குத் தோள் வலி வேறு முன்னைவிட அதிகமாக வந்தது. மாத்திரையை நிறுத்தியதால் ஸ்டென்ட் அடைத்துக்கொண்டதா? அல்லது நாலு பாவாடைக்கு ஓரம் தைத்த வலியா? யாரிடம் கேட்பது? கேட்டால் செய்த காரியத்தைச் சொல்லவேண்டுமே.

மறுபரிசோதனை நாள் வந்தது. படுக்க வைத்து, மார்பில் ஒயர்களை ஒட்டி, இதயத்துடிப்பைப் படம் எடுத்தார்கள். டாக்டரம்மா சின்னப் பெண். படத்தைப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குங்க ஐயா. மாத்திரை எல்லாம் விடாம போடறீங்களா?" என்றாள்.

"ஒண்ணு விடாம போடறேன்மா" என்றார் மாஸ்டர்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி கைப்பையைத் திறந்தாள். ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்து மேஜைமேல் கவிழ்த்தாள். பெரிய வெள்ளை மாத்திரைகள்.

"நேத்து பட்டன் தைக்க எடுத்தேன் டாக்டர். ஓட்டையைக் காணோம்."

மாஸ்டர் மென்று விழுங்கி எல்லாவற்றையும் சொன்னார், பாவாடை ஓரத்து ரத்தப் பொட்டு உட்பட. டாக்டரம்மா ஒரு மாத்திரையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"ஐயா, இது கொழுப்புக்கு. ரத்தத்துக்கானது அந்தக் குட்டி மாத்திரை."

"அதையா? அதைத் தினமும் போட்டேனே."

"அதனாலதான் இங்க உக்காந்து பேசிட்டிருக்கீங்க. அதை நிறுத்தியிருந்தா ஸ்டென்ட் அடைச்சுக்கிட்டிருக்கலாம். இதையும் விடக் கூடாது, விட்டா மெதுவா வேற இடத்துல அடைப்பு வரும். தோள் வலியும் எந்த வலின்னு நீங்களே தீர்ப்பு சொல்லாதீங்க. புதுசா இருந்தா, வேர்த்தா, உடனே வாங்க. ஒண்ணுமில்லைன்னாலும் நான் திட்டமாட்டேன்."

பெரிய கத்தரிக்கோல் நியாயம் தப்பாகப் போனதால்தான் உயிர் தங்கியிருக்கிறது. இதற்கு வெட்கப்படுவதா சந்தோஷப்படுவதா என்று மாஸ்டருக்குத் தெரியவில்லை. வெளியே வராந்தாவுக்கு வந்ததும் மெதுவாகச் சொன்னார்.

"துணியில கறை படுது. கை சுத்தம்னு பேரு."

"மூணு பாவாடையில பட்டிருந்தது. பச்சைத் தண்ணியில அலசிட்டுத்தான் கொடுத்தேன். உங்க பேரு பத்திரமாத்தான் இருக்கு" என்றாள் மனைவி. அவள் குரல் உடைந்தது. "துணியில பட்டா நான் அலசிக்குவேன். நீங்க போயிட்டா நான் என்னங்க பண்ணுவேன்?"

மாஸ்டருக்குக் கண் கலங்கியது.

மறுநாள் காலை பெரியது, குட்டி எல்லாவற்றையும் அவள் கண் முன்னால் விழுங்கி, வாயைத் திறந்தும் காட்டிவிட்டு, வெள்ளைத் துணியை எடுத்தார். பாதி ஓரத்தில் ஊசி குத்தியது. துணியைத் தள்ளி வைத்துவிட்டு விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ரத்தம் சொட்டியது, துடைத்தார், மறுபடியும் முளைத்தது.

"என்னங்க, சத்தத்தையே காணோம்?" பின்கட்டிலிருந்து அவள் குரல் பதறியது.

"ஒண்ணுமில்ல" என்றார் மாஸ்டர். "ரத்தம் நிக்கல. நல்லா ஓடுது."