மதகுக்காரியின் கடைசிப் பக்கம்

எங்கள் வீட்டில் வாரப் பத்திரிகை கிழிபடுவதற்காகவே வந்தது. எல்லோரும் படித்து முடித்ததும் தொடர்கதைத் தாள்களைக் கிழித்து அடுக்கி வைப்போம். கதை முடிந்த பிறகு தஞ்சாவூருக்குக் கொண்டுபோய் பைண்டு பண்ணி வாங்கி வந்து பீரோவில் வைப்போம். யார் கிழிப்பது, எந்தக் கதையை என்பதில் வீட்டுக்குள் ஒரு அரசியலே நடந்தது.

அம்மாவின் கதை ஒரு சரித்திரப் பேய்க்கதை. நாயக்கர் காலத்தில், வெள்ளம் வரும்போதெல்லாம் உடைந்த ஆற்றங்கரை நிற்க வேண்டும் என்று ஒரு பெண்ணை மதகுக்கு அடியில் உயிரோடு வைத்துக் கட்டிவிடுகிறார்கள். அவள் சாகவில்லை. அவளால் சாகவே முடியவில்லை. நாயக்கர் போய், மராட்டியர் வந்து, வெள்ளைக்காரனும் வந்து போய்விட்டான். அவள் மட்டும் கரையை முதுகில் தாங்கிக்கொண்டு நிற்கிறாள். வருஷத்தில் ஒரு நாள், ஆற்றில் தண்ணீர் வரும் அன்று, மேலே வந்து மதகில் நிற்கிறவரிடம் ஒன்றே ஒன்று கேட்பாள்: "என் வேலை முடிந்ததா?" கேட்கப்பட்டவர் வாயடைத்துப் போவார். மூன்றாம் நாள் செத்தும் போவார்.

நடவு ஆட்களுக்குச் சோறு வடித்து அனுப்பிவிட்டு, அடுப்படிச் சுவரில் சாய்ந்தபடி அம்மா அதைப் படிப்பாள். நான் அப்போது மூன்றாம் வகுப்பு. அவள் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தே பயந்தேன். எங்கள் வாய்க்கால் மதகைத் தாண்ட எனக்கு அப்பாவின் கை வேண்டியிருந்தது. அந்தப் பயம் எவ்வளவு ருசியாக இருந்தது! இப்போது ஆயிரம் பேய்ப்படம் பார்க்கிறேன், ஒன்றிலும் அந்த ருசி இல்லை.

அப்பாவின் தங்கை, என் அத்தை, குடும்பக் கதைக் கட்சி. பேய்ப் படம் போட்ட பக்கத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவாள்.

தம்பி பிறப்பதற்காக அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு சீர்காழிக்குத் தாய்வீடு போயிருந்த சமயத்தில் பேய்க்கதை முடிந்தது. அதே இதழில் அத்தைக்குப் பிடித்தமான ஒரு குடும்பக் கதை தொடங்கியது. முடிவும் தொடக்கமும் ஒரே தாளின் இரண்டு பக்கங்களில். ஒரு தாளுக்கு இரண்டு பேர் போட்டியிட்டால் முதலில் கேட்டவருக்கு என்பது வீட்டுச் சட்டம். அம்மா ஊரில் இல்லை. அத்தை கேட்டாள், கிழித்தாள். புதுக்கதை சின்னது, அம்மா திரும்பி வருவதற்குள் முடிந்துவிட்டது. அதைப் பைண்டு பண்ணி வைத்து, கல்யாணமாகி ஒரத்தநாட்டுக்குப் போகும்போது கையோடு கொண்டும் போனாள். பைண்டு பண்ணியவர் முதல் தாளை அட்டையோடு சேர்த்து ஒட்டியிருந்தார். அத்தையின் கதை மேலே தெரிந்தது. அம்மாவின் பேய் அட்டைக்கும் தாளுக்கும் நடுவில் போயிற்று.

வீட்டில் பேய்க்கதை படிக்க வேறு ஆளில்லை. அம்மா அக்கம்பக்கத்தில் விசாரித்தாள். எதிர்வீட்டுக்காரர் அவள் தெய்வமாகிவிட்டாள் என்றார். பின்வீட்டு அம்மாள் மதகே இடிந்து ஊர் அழிந்தது என்றார். இரண்டு பேரும் படிக்கவில்லை என்று அம்மாவுக்குத் தெரிந்துபோயிற்று. அதன் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எனக்குத்தான் அத்தைமேல் கோபம் ஆறவே இல்லை.

அம்மாவுக்கு இப்போது கண் சுத்தமாகத் தெரியாது. இந்த வருஷம் மேட்டூர் திறந்த செய்தி டிவியில் ஓடியபோது, கேட்டுக்கொண்டே இருந்தவள் சொன்னாள்: "அவ என்ன ஆனான்னு தெரியாமலே நான் போயிடுவேன் போலருக்கு."

எனக்குத் தெரிந்து அம்மா தனக்கென்று ஆசைப்பட்டுச் சொன்ன ஒரே விஷயம் இதுதான். போனை எடுத்து அத்தையை ஒரு பிடி பிடித்தேன். அத்தை மறுநாள் காலை முதல் பஸ்ஸில் புத்தகத்தோடு வந்து இறங்கினாள்.

அடுப்படியில் உட்கார்ந்து, ஈரத்துணியை அந்தத் தாள்மேல் போட்டு ஊறவைத்து, நுனியைப் பிடித்து மெதுவாக உரித்தேன். தாள் வந்தது. எழுத்து வரவில்லை. பழைய பசை எல்லாவற்றையும் தின்றிருந்தது. பழுப்புக் கறைக்கு நடுவே 'தண்ணீர்' என்று ஒரு வார்த்தையும் ஒரு பெண்ணின் பாதி முகமும் மிச்சம். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கூடத்திலிருந்து அம்மா, "வந்துருச்சா?" என்றாள்.

அத்தை என் கையிலிருந்து தாளை வாங்கினாள். "வந்துருச்சு அண்ணி" என்று சொல்லிக்கொண்டே போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

வாழ்நாளில் பேய்க்கதை ஒரு வரி படிக்காதவள் அன்று படித்தாள். ஆற்றில் தண்ணீர் வருகிறதாம். மதகில் அன்றைக்கு ஆண்கள் யாரும் இல்லை, ஒரு பெண் நிற்கிறாளாம். அவள் பயப்படவில்லையாம். வழக்கமான கேள்வி வந்தது. பதில் சொல்லும் இடத்தில் அத்தை தாளைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள். அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"முடிஞ்சுதுங்க. எப்பவோ முடிஞ்சுது. நாங்கதான் சொல்லாம விட்டுட்டோம். கரையை இனிமே நாங்க பாத்துக்கறோம். நீங்க மேல வாங்க."

சொல்லிவிட்டுத் தாளை மடியில் வைத்தாள்.

அம்மா கையை நீட்டித் தாளை வாங்கினாள். ஈரமாய், கூழாகிக் கிடந்த அதை விரலால் மேலிருந்து கீழ்வரை தடவிப் பார்த்தாள். அவளுக்குப் புரியாமல் இருந்திருக்காது.

"எழுதினவங்களுக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கு" என்றாள்.

பிறகு, "நான் கொஞ்சம் படுக்கறேன்" என்று எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டே கட்டிலுக்குப் போனாள். பார்வை போன பின்னும் பாத்திரம் கழுவுவதை யாருக்கும் விட்டுக்கொடுக்காதவள், பகலில் படுத்து நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. அன்று பாத்திரங்களை அத்தையும் நானும் சத்தம் வராமல் கழுவினோம்.