குகை மனிதர் பெண் பார்க்கிறார்

2023 மார்ச் 12 – வாசனைத் திரவியம், 380 ரிங்கிட்.
2023 ஆகஸ்ட் 6 – கைக்கடிகாரம், 2,150 ரிங்கிட்.
2024 பிப்ரவரி 18 – பெரிய கார், ஒருநாள் வாடகை, 450 ரிங்கிட்.
2024 ஜூன் 9 – பல் வெளுப்பு, 900 ரிங்கிட்.
2025 நவம்பர் 2 – சப்பாத்து, 640 ரிங்கிட்.

ஐந்தும் ரூபேந்திரன் பெண் பார்க்கப் போன நாட்கள். போவதற்காகச் செய்த செலவுகள். கூலாய்க் கோயிலில் வரன் பதிவேடு எழுதுபவன் நான். ரசீதுகளை அவரே கொண்டுவந்து என் மேசையில் அடுக்குவார். “எழுதிக்குங்க அங்கிள். டேட்டா வேணும் லா.”

வயது முப்பத்தாறு. சிங்கப்பூரில் லிஃப்ட் பழுதுபார்க்கிறார். மனித இனம் ஜோடி சேரும் விதத்தைக் கைப்பேசிக் காணொளிகளில் கற்றுத் தேர்ந்தவர். “பொம்பளைங்க மூளை இன்னும் குகையிலதான் இருக்கு அங்கிள். வேட்டையாடிக் கொண்டு வர்றவன் எவன்னுதான் பார்க்கும்.” அந்த வேட்டைக்காக விடியற்காலை நாலே காலுக்கு மோட்டார் சைக்கிளில் கிளம்பி, எல்லைப் பாலத்தைக் கடந்து சிங்கப்பூர் போகிறார். இரவில் திரும்பும்போது, வேடனிடமிருந்து தப்பி வந்த விலங்கின் சாயல்தான் தெரியும்.

பெண்ணின் இடையளவை இடுப்பளவால் வகுத்தால் 0.7 வர வேண்டுமாம். பதிவேட்டில் அதற்கொரு கட்டம் போடச் சொன்னார். கடைசிக் கட்டம் நட்சத்திரம், அதற்குமேல் தாளில் இடமில்லை என்றேன். அவருடைய இடையளவைக் கேட்டேன். ஆண்களுக்கு அந்தக் கணக்கு கிடையாதாம், சம்பளம்தான் அளவாம்.

ஐந்தாவது வீடு பண்டார் தெங்காராவில். பெண் பிரவீனா, பள்ளி ஆசிரியை. நானும் போயிருந்தேன். 640 ரிங்கிட் சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும் என்பதைக் காணொளிகள் சொல்லவில்லை போலும். அதை ரசித்தது அவர்கள் வீட்டுப் பூனை மட்டுமே.

சம்பளத்தைச் சிங்கப்பூர் டாலரில் சொன்னார். அன்றைய விலையில் ரிங்கிட்டிலும் சொன்னார். பிரவீனா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஞாயித்துக்கிழமை தவிர மத்த நாள்ல உங்க முகத்த வீட்டுல யாராச்சும் வெளிச்சத்துல பார்த்திருக்காங்களா அண்ணே?” என்றார்.

“அலமாக்! வாய மூடுடி” என்றார் தாயார் செல்லம்.

ரூபேந்திரன் சிரித்துவிட்டார். “எங்கம்மாவே பார்த்ததில்லங்க.”

திரும்பும் வழியில் விகிதம் என்ன என்று கேட்டேன்.

“அளக்க மறந்துட்டேன் அங்கிள்.” கூடவே, “இவங்களத்தான் கட்டிக்கணும்னு தோணுது. ஆனா அண்ணேன்னு கூப்பிட்டுட்டாங்களே. முடிஞ்சது லா.”

இந்த ஊரில் ரொட்டி சானாய் போடுபவரும் அண்ணேதான் என்று தேற்றினேன். குகையில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று அன்றிரவே காணொளிகளில் தேடியிருக்கிறார். கிடைக்கவில்லை.

சம்மதமோ மறுப்போ கடிதத்தில் வர வேண்டும் என்பது எங்கள் கோயில் வழக்கம். வாட்ஸ்அப்பில் சொன்னதைப் பிறகு அழித்துவிடுகிறார்கள். முந்தைய நான்கு கடிதங்களும், பெண் மேற்கொண்டு படிக்கப் போவதாகத் தெரிவித்தன. அவர்களில் ஒருவர் அப்போதே டாக்டர். இம்முறை வேட்டைக்காரர் மூன்று நாள் விடுப்பெடுத்து, காலை முதல் கோயில் அலுவலகத்திலேயே தபால்காரருக்காக உட்கார்ந்திருந்தார்.

உறையைப் பிரித்து அவரிடமே கொடுத்தேன். “ரூபேந்திரன் ஒரு வேலை நாளில், வெயில் இருக்கும்போது வீட்டுக்கு வரட்டும். பிறகு பேசலாம். – பிரவீனா.”

ஒவ்வொரு சொல்லின் கீழும் விரலை வைத்து நகர்த்தினார். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். “அண்ணன்னு எங்கேயும் போடல அங்கிள்.” பிறகு, தாளிலிருந்து விரலை எடுக்காமலேயே, ஜன்னலுக்கு வெளியே வெயிலைப் பார்த்தார்.

கடிதம் வந்து சேர்ந்தது: 2025 நவம்பர் 13, வியாழக்கிழமை, காலை 10.40.