ஆள் விட்டு எடுத்த பாதுகாப்புப் பயிற்சி

அன்று பயிற்சிக்கு வந்திருந்தவர்கள்: யாழ்ப்பாணத்து அக்காமார் இரண்டு பேர், நெடுந்தீவு அண்ணை, மன்னார் அன்ரியின் மச்சாள், பயிற்சி கொடுக்கும் அதிகாரி, மொழிபெயர்க்க நான். வராதவர் மன்னார் அன்ரி. ஆனால் வரவுப் பட்டியலில் மன்னார் அன்ரி வந்திருந்தார், கையெழுத்தும் போட்டிருந்தார். அவருடைய மச்சாள்தான் அந்தப் பட்டியலில் எங்கும் இல்லை.

நாங்கள் துப்புரவு வேலை செய்யும் இடம் இத்தாலியில், பலெர்மோ நகரின் கிழக்கே, பிரான்காச்சோப் பகுதியைத் தாண்டி, பெயர்ப்பலகை இல்லாத ஓர் அரசாங்கக் கட்டடம். உள்ளே என்ன நடக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது. எத்தனை கழிப்பறைகள் இருக்கின்றன என்று மட்டும் தெரியும். அதையும் வெளியில் சொல்லக்கூடாது என்று அந்தப் பயிற்சியில்தான் அறிந்தேன். ஆகவே இங்கே எழுதவில்லை.

வருடத்துக்கு ஒருமுறை பாதுகாப்புப் பயிற்சி. வராதவருக்கு அனுமதி அட்டை புதுப்பிக்கப்படாது. அட்டை இல்லையென்றால் வேலை இல்லை. வேலை ஒப்பந்தம் இல்லையென்றால் பெர்மெசோ என்கிற வதிவிட அனுமதி இல்லை, அது இல்லாமல் இந்த நாட்டில் இருக்க முடியாது. மன்னார் அன்ரியின் பெர்மெசோ அந்த மாதம்தான் முடிகிறது. அதே நாளில்தான், பக்கத்து ஊரான பகேரியாவில் அவர் பார்த்துக்கொள்ளும் வயதான இத்தாலிய அம்மாவை, அவருடைய சின்யோராவை, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகவும் வேண்டியிருந்தது.

எங்கள் ஆட்களின் வேலையில் ஒரு முறை உண்டு. போக முடியாவிட்டால் பதிலுக்கு ஆள் விட வேண்டும். ஊருக்குப் போகிறவர் தங்கையை விட்டுவிட்டுப் போவார், தங்கைக்குக் காய்ச்சல் என்றால் தங்கையின் சிநேகிதி போவார். சின்யோராக்களும் முகத்தைப் பார்ப்பதில்லை, தரை துடைத்திருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். சொல்லாமல் நின்றுவிடுவதுதான் வெட்கக்கேடு. ஆகவே அன்ரி, தனக்குத் தெரிந்த மரியாதைப்படி, பாதுகாப்புப் பயிற்சிக்கும் ஆள் விட்டிருந்தார்.

பேருந்துத் தரிப்பில் மச்சாளைக் கண்டதும் ஓடிப்போய்க் கேட்டேன்.

"அன்ரி எங்கை?"

"அவ ஆஸ்பத்திரியிலை, சின்யோராவோடை. அதுதான் நான் வாறன்."

"கழுத்திலை கிடக்கிறது அவவின்ரை அட்டையெல்லே!"

"ஓம் தம்பி. பின்னை என்ரை அட்டையோடையே வாறது? எனக்கு ஆர் அட்டை தந்தவை?"

நெடுந்தீவு அண்ணை என் முதுகில் தட்டினார். "இந்த இத்தாலிக்காரரின்ரை கண்ணுக்கு எங்கள் எல்லாருக்கும் ஒரே முகம்தான். நீ பஸ்ஸிலை ஏறு."

வாசலில் அன்று அந்த அதிகாரியே பட்டியலுடன் நின்றார். நரைத்த மீசை, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. அட்டையில் இருந்த பெயரைப் பார்த்தார், பட்டியலில் சரி போட்டார், மச்சாளுக்கு மிக அழகாகக் காலை வணக்கம் சொன்னார். மச்சாளும் சொன்னார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். பெர்மெசோ கொடுக்கும் பொலிஸ் அலுவலகமான குவெஸ்தூராவிலிருந்து யாருக்குக் கடிதம் வந்தாலும் என்னிடம்தான் வரும். மொழிபெயர்ப்பில் ஒரு சொல்லையும் விடக்கூடாது என்பது என் கொள்கை. அந்தக் கொள்கைக்கு அன்று நல்ல சோதனை.

"ஒருவருடைய அட்டையை இன்னொருவர் பயன்படுத்துவது கடுமையான குற்றம்" என்றார் அதிகாரி. நான் எழுந்து அதைத் தமிழில் சொன்னேன்.

மச்சாள் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அதையும் சொல்லத்தான் வேணுமோ?"

"ஓம் அக்கா, சொல்லத்தான் வேணும்."

"அப்ப என்ரை முகத்தைப் பாத்துச் சொல்லாதை. சுவரைப் பாத்துச் சொல்லு."

யாழ்ப்பாணத்து அக்காமார் தும்முவதுபோல் சிரித்தார்கள். "என்ன கேட்கிறார்?" என்று அதிகாரி விசாரித்தார். "விதியை இன்னொரு தடவை விளக்கச் சொல்கிறார்" என்றேன். என் கொள்கை அந்த இடத்தில் முறிந்தது. அதிகாரி மகிழ்ந்துபோய் இன்னொரு தடவை விளக்கினார். நான் சுவரைப் பார்த்துச் சொன்னேன்.

அந்த நேரம் கதவு திறந்தது. நீல அங்கி போட்ட ஒருவன் இரண்டு கைகளிலும் காகிதப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்தான். அண்ணை பாய்ந்து கதவைப் பிடித்துக் கொடுத்தார். அக்காமார் நாற்காலியை நகர்த்தி வழிவிட்டார்கள். சுமையோடு வருகிறவனுக்கு அதைத்தானே செய்வோம். மச்சாள் மட்டும் எழுந்து குறுக்கே நின்று, கையை நீட்டி, இத்தாலிய மொழியில் கேட்டார்: "அட்டை?"

"மறந்துவிட்டேன், சின்யோரா."

"அப்ப வெளியிலை நில்லுங்கோ." இதைத் தமிழில்தான் சொன்னார். அவனுக்கு விளங்கியது.

அது ஒரு சோதனை. வந்தவன் அதிகாரியின் ஆள். இத்தனை வருடப் பயிற்சியில் ஒருவரும் அவனைத் தடுத்ததில்லையாம். அதிகாரி கை தட்டினார். மச்சாளைச் சுவரோரம் நிறுத்திப் படம் எடுத்தார். அந்தப் படம் அன்ரியின் பெயரோடு திங்கட்கிழமை வாசல் அறிவிப்புப் பலகையில் தொங்கும், கீழே 'எல்லோருக்கும் முன்மாதிரி' என்று எழுதியிருக்கும் என்றார்.

நான் அதையும் மொழிபெயர்த்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. திங்கட்கிழமை அன்ரி வேலைக்கு வரும்போது, அவருடைய பெயருக்கு மேலே மச்சாளின் முகம் இருக்கும். இதுவரை யாருமே பார்க்காத முகத்தை அன்றைக்கு எல்லோரும் பார்ப்பார்கள்.

கைத்தொலைபேசிகளை வாசல் பெட்டியில் வைத்திருந்தோம். இடைவேளையில் ஓடிப்போய் அன்ரியை அழைத்தேன். அவருடைய வேலை, என்ன செய்வதென்று அவர்தான் சொல்ல வேண்டும்.

"அன்ரி, நான் போய் உள்ளதைச் சொல்லட்டோ? சொன்னா வேலை போனாலும் போகும். சொல்லாட்டி திங்கக்கிழமை கட்டாயம் போகும்."

"என்ரை பெர்மெசோ, தம்பி" என்றார் மெதுவாக. பிறகு குரல் ஏறியது. "சொல்லு. நான் என்ன களவே எடுத்தனான்? ஆள் விடாமல் நிண்டனானோ? நல்ல ஆளாய்ப் பாத்துத்தானே விட்டனான்? அதையும் சேத்துச் சொல்லு!"

அதையும் சேர்த்துத்தான் சொன்னேன். அதிகாரி தனியாக இருந்தார். நான் சொல்லி முடித்ததும் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். சொந்த அட்டை இல்லாத, யாரென்று தெரியாத ஒரு பெண், தடை செய்யப்பட்ட கட்டடத்துக்குள், பாதுகாப்புப் பயிற்சி வகுப்பில், முதல் வரிசையில்.

"வாசலில் அவரை உள்ளே விட்டது யார்?" என்று கேட்டார்.

"நீங்கள்தான், ஐயா."

"நான் வணக்கம் சொன்னேனா?"

"மிக அழகாகச் சொன்னீர்கள்."

நாற்காலியில் உட்கார்ந்து, தன் தொலைபேசியிலிருந்து படத்தை அழித்தார். வரவுப் பட்டியலை நான்காகக் கிழித்தார். பிறகு என்னைப் பார்த்து, "புரொஜெக்டர் பழுது. பயிற்சி நடக்கவில்லை. எல்லோரும் ஞாயிறு காலை ஏழரைக்குத் திரும்ப வரவேண்டும். எல்லோரும் என்றால், பட்டியலில் உள்ள அதே ஆட்கள்" என்றார்.

"ஐயா, புரொஜெக்டர் நன்றாகத்தானே வேலை செய்கிறது?" என்றேன். எனக்கு அப்படித்தான் கேட்கத் தெரியும்.

அவர் குனிந்து வயரைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டார். "இப்போது?"

மச்சாளை அவரே வாசல்வரை கூட்டிச்சென்று வழியனுப்பினார். வெளியே வந்ததும் மச்சாள் ஒன்றைத்தான் கேட்டார்: "அப்ப என்ரை படம்?"

அந்த ஞாயிறு எங்களுக்குப் பூசையும் தவறியது, அந்த நேரத்துக்கு நம்பிப்போகப் பேருந்தும் இல்லை. அண்ணைக்குத் தெரிந்த ஒருவரின் வான் வண்டியைப் பிடித்தோம். வாசலில் அதிகாரி ஒவ்வொரு முகத்தையும் அட்டையோடு வைத்துப் பார்த்தார். அன்ரியை மூன்று தடவை பார்த்தார். இரண்டு மணி நேரமும் அன்ரி கண் இமைக்காமல் கேட்டுவிட்டு, பெரிய எழுத்தில் கையெழுத்துப் போட்டார். அட்டை இன்னொரு வருடத்துக்குப் புதுப்பிக்கப்பட்டது. ஒப்பந்தக் கடிதத்தோடு அடுத்த கிழமை நானே அவரைக் குவெஸ்தூராவுக்குக் கூட்டிப்போனேன்.

அந்த ஞாயிறு பகேரியாவில் சின்யோராவை யார் பார்த்தது என்று நான் கேட்கவில்லை. வானில் திரும்பும்போது கணக்குப் பார்த்தார்கள், அதில் தெரிந்தது. வானுக்கு ஐம்பது, பகேரியாவுக்கு விட்ட மச்சாளின் ஒரு நாள் கூலியும் ரயிலும் நாற்பது. எல்லாமாகத் தொண்ணூறு யூரோ.